ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்களே!

"எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே!" இந்த வார்த்தை இப்போது நம் வீடுகளில், "எதுக்கும் ஒரு கஷாயம் வச்சுக் குடிச்சுடலாமே" என்பது போல ஆகிவிட்டது. படம் எடுத்துவிட்டால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரித் தெரிந்துவிடும் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. சிறுநீரகக் கல்லுக்கும், பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அது பெரும்பாலும் சரிதான். வாயிலும் தொண்டையிலும் வரும் கட்டிக்கு மட்டும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது டாக்டரின் கண்ணும் விரலும். அடுத்து ஒரு துணுக்குச் சதை எடுத்துச் செய்யும் சோதனை. படம் அதற்குப் பிறகு வந்து வேறு சில கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பத்தில் நாங்கள் நேரில் பார்த்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆரோவிலை ஒட்டிய கிராமத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் மரக்காணம். வெயில் நாளில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பாத்தி பாத்தியாக உப்பளமும், கண் கூசும்படி வெள்ளைக் குவியல்களும். என் மாமியாரின் தங்கை அங்கேதான் முப்பது வருஷம் உப்பு வாரினார். சின்னத்தை என்று கூப்பிடுவோம். இருட்டோடு வேலைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் கூடை கூடையாகச் சுமந்து கொட்டிவிட்டு வர வேண்டும். இடுப்பில் சுருக்குப்பை. அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கிள்ளு புகையிலை. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொண்டால் பசி தெரியாது, தூக்கம் வராது என்பார். அதைத் தப்பென்று சொல்ல, நிழலில் உட்கார்ந்து சமைக்கிற எனக்கு வாய் வராது.

2019-ல் அந்த இடத்திலேயே ஒரு புண் வந்தது. காரம் பட்டால் எரிச்சல். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மருந்துக்கடையில் வாங்கிய சத்து மாத்திரை என்று இரண்டு மாதம் ஓடியது. பிறகு மகன், பாவம், நல்லது செய்வதாக நினைத்து, டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல் ஒரு ஸ்கேன் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். மருந்து ஊசி போடாமல், சும்மா படுக்க வைத்து ஒரு சி.டி. ஸ்கேன். "குறிப்பிடும்படி ஏதும் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தது. வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. கோயிலில் அர்ச்சனைகூட ஆனது. மறுபடி சுருக்குப்பை இடுப்புக்குப் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வத்தக்குழம்பு என்றால் உயிரை விடுகிறவர், மோர் சாதத்தைப் பிசைந்து ஒரு பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டார். "என்ன சின்னத்தை?" என்றேன். "அதான் ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னாங்களேம்மா" என்றார். மறுநாள் எங்கள் பக்கத்துப் பல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் படத்தைப் பிரிக்கக்கூட இல்லை. கன்னத்தை இழுத்துப் பிடித்து, டார்ச் அடித்து, கையுறை போட்ட விரலால் தடவிப் பார்த்தார். பாதி வெள்ளை, பாதி சிவப்பாக ஒரு திட்டு. அடியில் கெட்டியாக இருந்தது. "இது படத்துல பார்க்குற சமாச்சாரம் இல்லம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு துணுக்கு எடுக்கணும்" என்றார்.

படத்தில் ஏன் தெரியவில்லை?

இதை அந்த டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் சொன்னது என் அடுப்படி மூளைக்கு நன்றாகவே புரிந்தது. வாயை மூடியிருக்கும்போது கன்னம் ஈறோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு தோசையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, நடுவில் கரிந்த புள்ளியைத் தேடினால் கிடைக்குமா? மெல்லிய புண் அந்த ஒட்டலுக்குள் மறைந்துபோகிறது. அதனால்தான் விஷயம் தெரிந்த இடத்தில் கன்னத்துக் கட்டிக்கு சி.டி. எடுக்கும்போது, பலூன் ஊதுவது மாதிரிக் கன்னத்தை உப்பி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காற்று நடுவே புகுந்து கன்னத்தையும் ஈறையும் பிரித்துக் காட்டும். இவ்வளவு பெரிய மெஷினுக்கு நாம் வாயை உப்பித்தான் உதவ வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

இன்னொன்று, நம் வாயில் இருக்கும் உலோகம். அடைத்த பல், மாட்டிய பல், மூக்குத்தி, தோடு எல்லாம் சி.டி. படத்தில் நட்சத்திரம் மாதிரிக் கீற்றடித்துப் பக்கத்தில் இருப்பதை மறைத்துவிடும். பல்லுக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயும் இந்த விஷயத்தில் பாதித் துணைதான். முகத்தைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படத்தில் எடுக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே பல்லுக்கும் எலும்புக்கும் நல்லது. ஆனால் எலும்பு கணிசமாக அரித்த பிறகுதான் அதில் தெரியும். "எக்ஸ்ரே நல்லா இருக்கு" என்றால் "புண் நல்ல புண்" என்று அர்த்தமில்லை.

துணுக்கு எடுத்தால் பரவிவிடுமா?

புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவானதும் உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "கத்தி பட்டா கட்டி பரவும், ஸ்கேனோட நிறுத்திக்கோங்க." இந்தப் பேச்சு எத்தனை பேரை வீட்டோடு நிறுத்தியிருக்கிறதோ! மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு, பயறு அளவு சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பயாப்ஸி. வாய்ப்புண்ணில் இப்படித் துணுக்கு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. புற்றா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது இதுதான். எந்தப் படமும் அந்த இடத்துக்கு வர முடியாது. படத்தில் 'கட்டி மாதிரி' தெரிவது சீழாக இருக்கலாம், காசநோய் நெறியாகவும் இருக்கலாம்.

சின்னத்தைக்கு ஒரு வாரத்தில் முடிவு வந்தது. புற்றுதான்.

அப்போதுதான் படத்தின் உண்மையான வேலை ஆரம்பமாயிற்று. எவ்வளவு ஆழம்? தாடை எலும்பைத் தொட்டிருக்கிறதா? கழுத்து நெறிகளுக்குப் போயிருக்கிறதா? நெஞ்சு சுத்தமா? இந்தக் கேள்விகளுக்குக் கண்ணும் விரலும் பதில் சொல்ல முடியாது. தாடையை முழுசாக எடுப்பதா, விளிம்பை மட்டும் சீவுவதா என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நான் சொல்ல வேண்டாம்.

மறுபடி சி.டி. ஸ்கேன். இந்த முறை முறைப்படி. முதலில் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள். ஏனென்றால் நரம்பில் போடும் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, கர்ப்பம் (சந்தேகமாக இருந்தாலும் சரி) இவற்றையெல்லாம் கேட்காமலே நாமாகச் சொல்லிவிட வேண்டும். ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சுடுதண்ணீர் ஊற்றினாற்போல் இருக்கும், வாயில் செம்புக்காசை வைத்த மாதிரி ஒரு ருசி வரும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயமில்லை.

பயம் வேறு இடத்தில் வந்தது. கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்றார் நர்ஸம்மா. தாலிக்கொடியைக் கழற்றணும்! சின்னத்தை எழுந்தே விட்டார். "அவரு இருக்கையில நான் எப்படிம்மா கழட்டுவேன்?" நர்ஸுக்கு இது தினசரி வழக்கம் போலிருக்கிறது. கோபிக்காமல், "மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சக் கிழங்கைக் கட்டிக்கிட்டு வாங்கம்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். கயிறும் கிழங்கும் படத்துக்குத் தடை இல்லை. மாமா கையாலேயே கட்டிவிட்டார். மூக்குத்திதான் படாத பாடு படுத்திவிட்டது. முப்பது வருஷத்துத் திருகாணி! தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊற வைத்தோம். ஸ்கேனுக்குப் போகிறவர்கள் இதை முதல் நாள் ராத்திரியே வீட்டில் முடித்துக்கொள்ளுங்கள்.

வில்லை வில்லையாக

இந்தப் படம் பிடிக்கும் வித்தை வந்த கதை சுவையானது. ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றால் 1886-ல் மறைந்தார் என்பது நமக்குத் தெரியும். எக்ஸ்ரே என்ற ஒன்றே அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, 1895-ல்தான் ஜெர்மனியில் ராண்ட்ஜென் கையில் கிடைத்தது. அவர் எடுத்த முதல் படங்களில் ஒன்று மனைவியின் கை, மோதிரத்தோடு! எக்ஸ்ரே என்பது நிழல் மாதிரி. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கினால்தானே நடுவில் நார் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது? அதைக் கத்தியில்லாமல் செய்வதுதான் சி.டி. ஸ்கேன். கண்டுபிடித்தவர் காட்ஃப்ரே ஹௌன்ஸ்ஃபீல்டு, பண்ணையில் வளர்ந்த இங்கிலாந்துப் பொறியாளர். அவர் வேலை பார்த்த ஈ.எம்.ஐ. கம்பெனிதான், நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகளையும் வெளியிட்டது. 1971 அக்டோபரில் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை இந்த முறையில் படம் எடுத்தார்கள். 1979-ல் அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நாக்கில் கட்டி என்றால் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். அதில் எக்ஸ்ரே கதிரே கிடையாது. பெரிய காந்தமும் ரேடியோ அலையும்தான். மிருதுவான சதையைப் பிரித்துக் காட்டுவதில் இது கெட்டி. நாக்குச் சதைக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் நோயின் கட்டத்தையே இப்போது கணக்கிடுகிறார்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் குழாய்க்குள் ஆடாமல் படுத்திருக்க வேண்டும். சுத்தியலால் தகரத்தை அடிப்பது போலச் சத்தம் வரும். படம் பிடிக்கும் நேரத்தில் எச்சில் விழுங்கினாலே படம் கலங்கும். காந்தம் என்பதால் ஊக்கு, கொண்டை ஊசி எதுவும் கூடாது. நம் பெண்களின் தாலிக் கயிற்றில் தொங்கும் அந்த நாலைந்து ஊக்குகளை மறந்துவிடாதீர்கள்! இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கட்டாயம் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

பெட் ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. கதிர் வீசும் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது அது. ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் போல வாயைத் திறந்து பேசக் கூடாது. பேசினால் குரல்வளைச் சதை வேலை செய்து, சர்க்கரையை இழுத்து, அங்கே நோய் இருப்பது போல ஒளிரும்! என்னை மாதிரி வாயாடிக்கு இது கஷ்டம்தான்.

கைக்குழந்தைக்காரிகள் கலங்க வேண்டாம். பிள்ளைகளுக்குக் கழுத்தில் நெறி கட்டுவது பெரும்பாலும் சளி, டான்சில், சொத்தைப்பல், தலைப்பேன் புண் இவற்றால்தான். டாக்டர் பார்த்துத் தேவை என்றால் முதலில் அல்ட்ரா சவுண்டுதான் எடுப்பார். அதில் கதிரே இல்லை. நாமாகப் போய்க் குழந்தைக்கு சி.டி. எடுக்கச் சொல்லக் கூடாது.

தொண்டைக்கு முதல் வாசல் படம் இல்லை. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பதுதான். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். பெண்களுக்கு ஒரு விஷயம் தனியாக: வெகுநாள் ரத்தசோகையோடு, சாதம் விழுங்கும்போது தொண்டையில் மாட்டுகிற மாதிரி இருந்தால், "ரத்தம் கம்மி, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். இரும்புச் சத்துக் குறைவில் உணவுக்குழாயின் மேல்பக்கம் ஜவ்வு படர்ந்து, பிற்காலத்தில் அங்கே புற்று வருவதுண்டு. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும் பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தால் ஜவ்வு தெரிந்துவிடும்.

"கழுத்து சுத்தமா இருக்கே, ஏன் வெட்டணும்?"

சின்னத்தையின் படத்தில் எலும்பு அரிக்கவில்லை. கழுத்திலும் சந்தேகப்படும்படி நெறி இல்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அப்படியிருந்தும் டாக்டர், கன்னத்துக் கட்டியோடு கழுத்து நெறிகளையும் எடுக்க வேண்டும் என்றார். மகனுக்குக் கோபமே வந்துவிட்டது. "முதல் ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னாங்க, ஏமாந்தோம். இப்ப ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லிட்டு வெட்டணும்னா எப்படி சார்?"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நெறிக்குள் நோய் கடுகளவுக்கும் குறைவாக இருந்தால் எந்த ஸ்கேனுக்கும் எட்டாது. அப்படியானால் நெறி வீங்கும்வரை காத்திருப்பதா, முன்கூட்டியே எடுப்பதா? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் இதை முறையாகவே ஆராய்ந்தார்கள். ஆரம்பக் கட்ட வாய்ப்புற்று, கழுத்தில் நெறி தட்டுப்படாதவர்கள், 500 பேர். முன்கூட்டியே நெறிகளை எடுத்தவர்களில் மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 80. காத்திருந்தவர்களில் 67 சொச்சம். 2015-ல் வெளியான இந்த முடிவை உலகம் முழுக்க டாக்டர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆபரேஷன் ஆயிற்று. தாடையின் மேல் விளிம்பை மட்டும் சீவினார்கள். முகம் முகமாகவே இருக்கிறது. எடுத்த நெறிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது ஒன்றில் நோய் இருந்தது. படத்தில் தெரியாத அந்த ஒன்று! அதற்காகக் கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள்.

டார்ச் லைட் போதும்

கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பதின்மூன்று பஞ்சாயத்துகளில் 1996-ல் ஒரு வேலை தொடங்கினார்கள். டாக்டரல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வெறும் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். ஏழு பஞ்சாயத்துகளில் இப்படிப் பார்த்து, ஆறில் வழக்கம் போல் விட்டு, ஒப்பிட்டார்கள். பார்த்த ஊர்களில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் வெளியிட்டார்கள். ஸ்கேன் மெஷின் இல்லை, கரண்ட் பில் இல்லை!

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாமே பார்க்கலாம். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். உதட்டைப் புரட்டி, கன்னத்தை இழுத்து, புகையிலை அடக்கும் அந்தப் பள்ளத்தையும், நாக்கின் ஓரங்களையும், நாக்குக்கு அடியையும், அண்ணத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தடவினால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டியதுதான். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் விட முடியாதபடி வாய் இறுகிவந்தால் அது பாக்கின் வேலை. "புகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்கிறார்களே, அவர்களுக்கும் சொல்லுங்கள். பாக்கு மட்டுமே புற்று உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் வெளியிட்ட தொகுதியில் சொல்லிவிட்டது. தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. மெல்லுவதைத்தான் சொல்கிறேன்.

கையில் பணமில்லையே என்று நிற்பவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சிகிச்சைக்கு அது கைகொடுக்கும். எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சோதனைக்குச் செல்லும் என்பதை அங்கே இருக்கும் காப்பீட்டுக் கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது.

கதிர் சிகிச்சை முடிந்த கையோடு, "போயிடுச்சான்னு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போமே" என்று மகன் மறுபடி ஆரம்பித்தார். அப்போது எடுத்தால் சிகிச்சையால் வந்த வீக்கமே நோய் மாதிரித் தெரிந்து குழப்பும், மூன்று மாதம் போகட்டும் என்றார் டாக்டர். அப்படியே செய்தோம். அந்தப் படத்தைப் பார்க்க அவர் முதலில் கேட்டது பழைய படங்களைத்தான், அந்த முதல் ஸ்கேன் உட்பட. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் எது புதுசு, எது தழும்பு என்று தெரியுமாம். எனவே பழைய படங்களையும் குறுந்தகட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சின்னத்தையின் படங்களை உறைமேல் தேதி எழுதி, மடிக்காமல், உப்புக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி நடுவே காகிதம் வைத்து எங்கள் பீரோவில் நிறுத்தி வைத்திருக்கிறேன். கோல அச்சு வெட்ட ஒன்று கொடு என்று பேத்தி கேட்டாள் என்று சின்னத்தையே சிபாரிசுக்கு வந்தார். கொடுக்கவில்லை.